இறையழைத்தலைத் தேடிச் சென்ற எம் இளைஞர்

(நமது பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாள் மாலையில் பங்குக் குரு ஆற்றிய உரை)



"சாமி, கோடை விடுமுறையில் பிள்ளைகளை யாத்திரைக்கு அழைத்துச் சென்றீர்களே, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சியோடு இசைந்தோம். வெள்ளி விழா மேடையில் இனிப்பை மட்டும் பரிமாறுவது வழக்கம். எம்மிடம் இனிப்போடு சிறிது கசப்பும் உண்டு. இரண்டும் நம் பங்கின் நலனுக்கே என்பதால் பொறுத்துக் கேட்பீர்கள் என்று நம்புகின்றோம்.

திருயாத்திரை நமக்குப் புதிதன்று. நம்மில் பலர் வேளாங்கண்ணி அன்னையிடம் ஆண்டு தவறாமல் சென்று வருகின்றோம். நம் அண்டை வீட்டார் ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுவதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கின்றார்கள். கால் நோக நடந்து இறைவனைத் தேடுவது இந்த மண்ணின் பழக்கம். ஆனால் கோடையில் நாங்கள் சென்றது படிப்பும் செபமும் சேர்ந்த ஒரு யாத்திரை. குருவாகவோ, கன்னியராகவோ, உபதேசியாராகவோ, வேறெந்த வகையிலோ திருச்சபையில் பணிபுரிய இறைவன் தம்மை அழைக்கின்றாரோ என்ற எண்ணம் மனத்தின் மூலையில் எங்கேனும் இருக்கின்ற பிள்ளைகள் மட்டும் வரலாம் என்று அறிவித்தோம். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது பேர் ஆண்பிள்ளைகள், ஐவர் பெண்பிள்ளைகள்.

புறப்படுவதற்கு முன் நான்கு ஞாயிறுகள், பூசை முடிந்த பிறகு அவர்களுக்குப் பாடம் நடந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம். "வாய் விட்டுக் கேட்க வெட்கப்படும் கேள்வி ஒன்றை முதற் பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வாருங்கள்" என்றோம். 

முதற் பாடம் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கியது. பள்ளிப்பட்டு எல்லை ஊர். இந்தப் பக்கம் தமிழ், சிறிது தூரம் நடந்தால் தெலுங்கு. நம் வீடுகள் பலவற்றில் இரண்டும் உண்டு. 1960 ஆம் ஆண்டில் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோதுதான் திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கும் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் கர்நாடக மிஷன் என்ற பெயரால் இந்த வட்டாரங்களில் நடந்து திரிந்தார்கள். புங்கனூர் அவர்களுடைய தொடக்க காலத் தலங்களுள் ஒன்று. துறவியர் கோலம் பூண்டார்கள், மரக்கறி உண்டார்கள், வளர்ந்த மனிதர்களாயிருந்தும் சிறு பிள்ளைகளைப் போல் உட்கார்ந்து தெலுங்கு எழுத்துக் கற்றார்கள். "அழைப்பு வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை பிரசங்கம் அன்று, பாடம் படித்தது" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பையன் அன்றுதான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பின்னர் இரண்டு புனிதர்களை அருகருகே வைத்துப் படித்தோம். 1647 இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1693 இல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தர் ஒருவர். 1712 இல் நட்டாலத்தில் பிறந்து, 1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு மாண்ட தேவசகாயம் மற்றவர். முன்னவர் குரு. பின்னவர் மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர், அரண்மனை அலுவலர். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, இந்தியப் பொதுநிலையினருள் முதற் புனிதரானார். அழைப்பு என்றால் அங்கி அணிவது மட்டுமே என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி.

இவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முதற் பேருந்தில் திருத்தணி சென்று, அங்கிருந்து ரயிலேறி, சென்னையில் வண்டி மாறிப் பரங்கிமலை போய்ச் சேர்ந்தோம். மூன்று நாள் பயணம். முதல் நாள் பரங்கிமலையும் சின்னமலையும், இரண்டாம் நாள் சாந்தோம், மூன்றாம் நாள் பூந்தமல்லி குருமடம்.

தோமையார் கி.பி. 52 இல் இந்திய மண்ணில் கால் வைத்தார், 72 இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்து வந்த மரபு. மலையுச்சிக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1523 இல் எழுப்பினர். 1547 இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இன்றும் பீடத்தில் இருக்கின்றது. அதைச் சுற்றியுள்ளவை பகலவி எழுத்துகள். பாரசீகத் தொடர்பு கொண்ட கிறிஸ்தவர்கள் இங்கு வாழ்ந்ததற்கு அவை சாட்சி.

மலைப்படிகளில் ஏறும்போது இளைஞர்களை நடுவில் நிறுத்தி, "இந்தப் படிகளை அமைத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா?" என்று கேட்டோம். ஆயர் என்றான் ஒருவன், அரசர் என்றான் மற்றொருவன். அவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726 இல் பாலம் கட்டியவரும் அவரே. அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். தம் வியாபாரத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு, பிறர் இறைவனிடம் ஏறிச் செல்லப் படியும், ஆற்றைக் கடக்கப் பாலமும் அமைத்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக எத்தனை குருக்களின் பாதங்கள் அந்த வணிகர் தந்த படிகளில் ஏறியிருக்கும்! இதுவும் பணிதானே என்றபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் சின்னமலைக் குகைக்குள் குனிந்து நுழைந்தோம். தோமையார் தனித்திருந்து செபித்த இடம் அது என்பர். நற்செய்தியில் நாம் காணும் தோமையார் எப்படிப்பட்டவர்? ஆண்டவர் போகும் இடம் எங்களுக்குத் தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டவர். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று பிடிவாதம் செய்தவர். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து விலக்கவில்லை. எட்டு நாள் பொறுத்து வந்து, தம் கையை நீட்டினார். "சந்தேகம் உள்ளவனுக்கு அழைப்பு இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டின் அப்போஸ்தலரே கேள்வி கேட்டவர்தாம்" என்று அந்தக் குகை வாசலில் சொன்னோம். அன்றிரவு நோட்டுப் புத்தகங்களில் நெடுநேரம் எழுதினார்கள்.

மறுநாள் சாந்தோம் பேராலயம். இப்போதுள்ள ஆலயம் 1896 இல் கட்டி முடிக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்ததை எம் வயதினர் இன்னும் மறக்கவில்லை. கீழே உள்ள கல்லறைக் கோயிலில் ஒரு மணி நேரம் மௌனமாக அமர்ந்திருந்தோம். நம் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கச் செய்வது எத்தகைய புதுமை என்பதை அவர்களுடைய தாய்மார் அறிவர்.

வெளியே வந்து கடற்கரையில் அமர்ந்தபோது பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சாமி, பையன்களுக்குக் குருமடம் இருக்கிறது. எங்களுக்குக் கன்னியர் மடம் ஒன்றுதானா?" நல்ல கேள்வி. கன்னியர் வாழ்வு உயர்ந்த அழைத்தல், அதில் ஐயமில்லை. அதோடு, 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே 10 அன்று உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாக நிறுவினார். ஆணும் பெண்ணும், மணமானவரும் மணமாகாதவரும் அதற்கு உரியவர்கள். குரு ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வந்து போன காலத்தில் சிற்றூர்களில் விசுவாசம் அணையாமல் காத்தவர்கள் உபதேசியார்மாரே. இறந்தவரை அடக்கம் செய்தவர்கள், குழந்தைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர்கள், சாகக் கிடந்தவரிடம் விளக்கோடு சென்றவர்கள் அவர்கள். இதைக் கேட்டு அந்தப் பெண், "எங்கள் பாட்டியின் அப்பா உபதேசியார்" என்றாள். அதை அதற்குமுன் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் பூந்தமல்லி. பேராயர் லூயி மத்தியாஸ் அவர்கள் காலத்தில், 1936 இல் தொடங்கப்பட்ட திரு இருதயக் குருமடம் அது. கோயிலையும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்தார்கள். பின்னர் ஒரு மர நிழலில் அமர்ந்து, ஒருவர் குருவாக எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். 2016 இல் வெளியான புதிய வழிமுறைப்படி, அழைத்தலைச் சோதித்தறியும் தொடக்கப் பயிற்சி ஓராண்டு முதல் ஈராண்டு வரை. பின்பு தத்துவ இயல் குறைந்தது 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு, அதோடு பங்குகளில் களப்பயிற்சி. 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. கன்னியராக விரும்புவோருக்கோ 17 வயது நிறைந்த பின்னரே நவகன்னியர் நிலை. அது குறைந்தது ஓராண்டு. அதன் பின் சில ஆண்டுகளுக்கு மட்டுமான வார்த்தைப்பாடு. நித்திய வார்த்தைப்பாடு அதற்கும் பின்னரே.

"ஏன் சாமி இவ்வளவு காலம்?" என்று ஒரு பையன் கேட்டான். "நீ யோசிப்பதற்கு, உன்னைத் திருச்சபை அறிவதற்கு" என்றோம். அவன் விடவில்லை. முதற் பக்கத்தில் எழுதியிருந்த கேள்வியையே எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டான்: "யோசித்த பிறகு இது எனக்கு இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தால், ஊரில் எப்படி முகத்தைக் காட்டுவது?"

அன்புக்குரியவர்களே, மர நிழலில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எமக்கும் உடனே பதில் வரவில்லை. ஏனெனில் அந்தக் கேள்விக்கு எமது வாழ்விலேயே ஒரு பழைய கடன் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் நாம் பணியாற்றியபோது, ஓர் இளைஞன் குருமடம் சேர்ந்தான். ஏழைக் குடும்பம், நல்ல பையன். எமக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிறு பூசையில் அவனைப் பீடத்தருகே அழைத்து மாலை போட்டோம். "நம் ஊரின் முதற் குரு" என்று அறிவித்தோம். மக்கள் கைதட்டினார்கள், காணிக்கை எடுத்துக் கொடுத்தார்கள், பேருந்து நிலையம் வரை மேளத்தோடு சென்றார்கள். மூன்று ஆண்டு கழித்து அவன் திரும்பினான். ஒரு குற்றமும் செய்யவில்லை. செபித்து, தன் வழிகாட்டியோடு கலந்து, இது தனக்குரிய வழியன்று என்று தெளிந்து திரும்பினான். கடைசிப் பேருந்தில், எல்லாரும் உறங்கிய பின்னர் ஊருக்குள் வந்தான். போகும்போது மேளம், வரும்போது இருட்டு.

அடுத்த நாளிலிருந்து அவனுக்கு ஊரில் பெயர் மாறிவிட்டது, "சாமியாருக்குப் போய் ஓடி வந்தவன்" என்று. அவன் தாய் கிணற்றடிக்கு வருவதை நிறுத்தினாள். நாம் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. எம் பெருமைக்கு விழுந்த அடியாக எண்ணி, ஒரு மாதம் அவன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போனபோது அவன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். இன்று அவன் மனைவி மக்களோடு, தன்னை யாரும் அறியாத ஒரு பங்கில் பூசை காண்கிறான் என்று கேள்விப்படுகின்றோம். சொந்த ஊர்க் கோயிலுக்கு அவன் வருவதில்லை. அவனை விரட்டியது குருமடம் அன்று, நாம் போட்ட மாலைதான்.

இதைப் பூந்தமல்லியில் அந்தப் பையன்களிடம் மறைக்காமல் சொன்னோம். உங்களிடமும் சொல்வது அதற்காகவே. நம் பங்கு இதை மறுபடியும் செய்யலாகாது.

திருச்சபையின் சட்டம் இதில் நம்மைவிட எவ்வளவோ இரக்கமுள்ளது. 1983 இல் வெளியான சட்டத் தொகுப்பின் 1026 ஆம் எண்ணைப் பாருங்கள். பட்டம் பெறுபவனுக்கு உரிய சுதந்திரம் இருக்க வேண்டும் என்கின்றது. எந்த வகையிலும் எந்தக் காரணத்துக்காகவும் ஒருவனைக் கட்டாயப்படுத்துவது கூடாது. அதே போல், தகுதியுள்ளவனைத் தடுப்பதும் கூடாது. தள்ளவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்கின்றது. அத்தனை ஆண்டுப் பயிற்சியும் எதற்காக? உள்ளே வருவதற்கு வாசல் வைத்த திருச்சபை, தெளிந்து வெளியே போவதற்கும் வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றது. அந்த வாசலை அடைப்பது நம் ஊர் வாய்தான்.

சாமுவேலை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் அழைத்தபோது மூன்று முறை தவறாகப் புரிந்துகொண்டு ஏலியிடம் ஓடினான். கிழவர் அவனை ஏசவில்லை. போய்ப் படுத்துக்கொள் என்றார். மூன்றாம் முறை, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார். நம் ஊரில் ஏலியாக இருக்க வேண்டியவர்கள் குருக்களாகிய நாங்களும் பெற்றோராகிய நீங்களும்.

பெற்றோருக்கு ஒரு சொல். யாத்திரைக்கு முன் ஒரு தகப்பனார் எம்மிடம் வந்து, "ஒரே பையன் சாமி. எனக்குக் கண்ணும் மங்குது. தறியை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. தறிச் சத்தம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும் என்பதை நாம் அறிவோம். விசுவாசம் குறைந்தவர் என்று அவரைச் சொல்ல எமக்கு உரிமையில்லை. அவர் கவலையையும் அழைத்தலின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். வேறொரு தாயோ, பிள்ளை நோயில் கிடந்தபோது அவனைக் குருவாக்குவதாக நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, அவனை வற்புறுத்துகின்றார். அம்மா, நேர்ந்தது நீங்கள். பட்டம் பெற வேண்டியது அவன். உங்கள் நேர்த்தியை ஆண்டவர் உங்கள் செபமாக ஏற்றுக்கொள்வார். பிள்ளையின் சம்மதத்தை அவனிடமிருந்து நேரடியாகத்தான் பெறுவார்.

1965 இல் வத்திக்கான் சங்கம் குருத்துவப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஏட்டில், அழைத்தலை வளர்க்கும் கடமை கிறிஸ்தவ சமூகம் முழுவதற்கும் உரியது என்று போதித்தது. ஆகவே பங்குப் பேரவையில் பேசி முடிவு செய்த மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இனி நம் பங்கிலிருந்து யாரேனும் குருமடமோ கன்னியர் மடமோ சென்றால், மாலையும் மேளமும் வேண்டாம். பூசையில் அவருக்காகச் செபிப்போம், தலைமேல் கை வைத்து ஆசீர்வதிப்போம். கொண்டாட்டத்தைப் பட்டம் பெறும் நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, யாரேனும் திரும்பி வந்தால், அந்த வாரமே பங்குக் குருவும் பேரவையினர் இருவரும் அவர் வீட்டுக்குச் செல்வோம். காரணம் கேட்கமாட்டோம். காபி குடித்துவிட்டு வருவோம். அவர் கற்ற மறையறிவைப் பங்குக்குத் தர விரும்பினால் ஞாயிறு மறைக்கல்வியில் அவருக்கு இடம் உண்டு. விரும்பாவிட்டால் மற்ற எல்லாரையும் போல் அவருக்கும் கோயிலில் இடம் உண்டு.

மூன்றாவது, அடுத்த ஆண்டு யாத்திரைக்குப் பெற்றோரும் உடன் வரலாம். உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் உலகெங்கும் அழைத்தலுக்காகச் செபிக்கும் நாள் அது. அன்றே பெயர் கொடுக்கலாம்.

பதினான்கு பேர் சென்றதன் பலன் என்ன என்று சிலர் கேட்கின்றீர்கள். ஒரு பையன் தொடக்கப் பயிற்சிக்குப் போய்ப் பார்க்க விரும்புகின்றான். ஒரு பெண் நோயாளிகளுக்குப் பணிபுரியும் கன்னியரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கின்றாள். உபதேசியாரின் கொள்ளுப்பேத்தி இப்போது ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்கின்றாள். தறிக்காரர் மகன், "சாமி, எனக்கு அழைப்பு தறியில்தான் என்று நினைக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கட்டுமா?" என்று கேட்டான். மற்றவர்கள் இன்னும் தெளியவில்லை. பரங்கிமலைப் படிகளில் அந்த அர்மேனிய வணிகரைப் பற்றிக் கேட்டவர்கள் அவர்கள். தெளிவு வரும் நாளில் வரட்டும். இதில் ஒருவரையும் நாம் இழக்கவில்லை.

2025 யூபிலி ஆண்டில் உலகத் திருச்சபை முழுவதும் எதிர்நோக்கின் திருப்பயணிகளாக நடந்தது. பயணி என்பவன் போகவும் திரும்பவும் உரிமையுள்ளவன். எம்மாவு நோக்கிச் சென்ற இரு சீடரும் திரும்பித்தான் நடந்தார்கள். ஆண்டவரைக் கண்டுகொண்டது அந்தப் பயணத்தில்தான்.

கடைசியாக ஒன்று. பூந்தமல்லியிலிருந்து திரும்பிய இரவில், எம் பழைய கடனைத் தீர்க்க எண்ணி, வெளியூரில் இருக்கும் அந்த மகனுக்குக் கடிதம் எழுதினோம். மன்னிப்புக் கேட்டு எழுதினோம். இந்த மேடையில் நிற்கும் நேரம் வரை பதில் வரவில்லை. வராமலே போனாலும் அவனைக் குறை சொல்லமாட்டோம். நீங்கள் உங்கள் செபத்தில் அவனையும், அவன் தாயையும், எம்மையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கின் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அவரவர்க்கு உரிய பணிக்கு அழைப்பாராக. சென்றவர்களைக் காப்பாராக. திரும்பியவர்களை வரவேற்கும் உள்ளத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.